பிளாக்மூர்: மேசையில் எழுந்த முணுமுணுப்பும் அதிலிருந்து வந்த விதிகளும்

1971 ஏப்ரல் 17, சனிக்கிழமை. மதியம் ஒரு மணியிலிருந்து நள்ளிரவு வரை டேவ் ஆர்னெசன் வீட்டில் ஆட்டம். புராணக் கதைகளில் வரும் விலங்குகள் உண்டு. பூதத்தின் பாலத்துக்கு அடியில் சீட்டாட்டமும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்களில் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த நண்பர்களுக்காக ஆர்னெசனே நடத்திய சின்ன இதழ் ஒன்றில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தது.

அந்த வீட்டில் நடந்த தொடர் ஆட்டத்தின் பெயர் பிளாக்மூர். மூன்று வருடம் கழித்து, 1974 ஜனவரியில், அதன் பரம்பரையில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்களாக விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு நாம் ஆர்பிஜி (ரோல்-ப்ளேயிங் கேம், பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) என்று சொல்லும் எல்லாமே ஏதோ ஒரு வழியில் அந்தப் பெட்டிக்குப் பதில் சொல்பவைதான்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வரி. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். அவரை ஜிஎம் என்பார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் என்ன நடக்கிறது என்று ஜிஎம் சொல்வார். சந்தேகம் வந்தால் பகடை உருளும். அதே பாத்திரங்களோடு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கதை நீண்டால் அது கேம்பெய்ன்.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து புதிதாக ஒரு கேம்பெய்ன் தொடங்கலாம் என்றதும் முதலில் எழும் கேள்வி, எந்த சிஸ்டம், அதாவது எந்த விதித்தொகுப்பு, நல்லது என்பதுதான். பகடை முறை, விதிநூலின் பருமன், கேரக்டர் உருவாக்க ஆகும் நேரம் என்று ஒப்பிட ஆரம்பிப்போம். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் ஒப்பிட்டேன். பிளாக்மூரின் கதையை ஊன்றிப் படித்த பிறகு என் கேள்வி மாறிவிட்டது. அந்த மேசையில் பிறந்த விதிகளில் முக்கியமானவை எல்லாம் ஆடியவர்களில் யாரோ ஒருவர் சொன்ன குறைக்குப் பதிலாக வந்தவை. அதனால் ஒரு சிஸ்டத்தைக் கையில் எடுக்கும்போது, இது யாருடைய எந்தக் குறையைத் தீர்க்க எழுதப்பட்டது, அந்தக் குறை நம் மேசையில் இருக்கிறதா என்று கேட்கிறேன்.

வெஸ்லியின் ஊர்

ஆர்னெசனுக்கு முன்னால் டேவிட் வெஸ்லி. அதே நண்பர் குழு. நெப்போலியன் காலப் போர்களைச் சின்னச் சின்ன உருவப் பொம்மைகளை வைத்து ஆடுவார்கள். ஆட்டத்தில் பாதி நேரம் விதியைப் பற்றிய சண்டையில் போகும். மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் வெஸ்லிக்கு ஒரு பழைய புத்தகம் கிடைத்தது: 1880-இல் சார்லஸ் டாட்டன் என்ற ராணுவ அதிகாரி எழுதிய ஸ்ட்ராடிகோஸ். அதில் ஒரு நடுவர் உண்டு. ஆடுபவர் எதை வேண்டுமானாலும் முயலலாம், முடியுமா முடியாதா என்று நடுவர் தீர்ப்பார். விதிநூலில் இல்லாததையும் செய்யலாம் என்ற வாசல் அங்கேதான் திறந்தது.

1960-களின் கடைசியில் வெஸ்லி ஒரு சோதனை செய்தார். ப்ரான்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர். இரண்டு பக்கமும் படைகள். படைத்தளபதிகள் இரண்டு பேர்தான் இருக்க முடியும், ஆட வந்தவர்களோ அதற்கு மேல். மீதிப் பேருக்கு என்ன வேலை? ஒருவருக்கு மேயர், ஒருவருக்கு வங்கிக்காரர், ஒருவருக்குப் பல்கலைக்கழக வேந்தர் என்று ஆளுக்கொரு பொறுப்பும் ஆளுக்கொரு நோக்கமும் கொடுத்தார். படைகள் ஊரை நெருங்குவதற்கு முன்னாலேயே எல்லோரும் எல்லோரிடமும் ரகசியம் பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் மோதலாம் என்று சவால் விட்டுக்கொண்டார்கள். அதற்கு விதியே இல்லை. வெஸ்லி அந்த இடத்திலேயே ஒன்றைச் செய்து கொடுத்தார். ஆட்டம் முடிந்தபோது எல்லாம் குழம்பிவிட்டது, சோதனை தோற்றது என்று நினைத்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள்.

பின்னால் நடந்த ஓர் ஆட்டத்தின் களம் தென்னமெரிக்கச் சாயலில் ஒரு கற்பனை நாடு. அதில் ஆர்னெசன் ஒரு மாணவப் புரட்சிக்காரர். சிஐஏ அடையாள அட்டை மாதிரி ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்து, நான் உண்மையில் சிஐஏ ஆள்தான் என்று மற்ற ஆட்டக்காரர்களை நம்பவைத்தார். அவர் கையில் இருந்த பாத்திரம் அது இல்லை. அந்தப் பாத்திரம் சொன்ன பொய் அது. எனக்கு இது மிகவும் பிடித்த தருணம். எந்தப் பகடையும் உருளாமல், எந்த விதியையும் மீறாமல் ஒருவர் ஆட்டத்தையே திருப்பிவிட்டார். எழுதி வைத்த விதிக்கு வெளியிலும் ஆட்டம் இருக்கிறது என்று அந்தக் குழு அனுபவித்துத் தெரிந்துகொண்டது. அப்புறம் வெஸ்லி ராணுவப் பணிக்குப் போய்விட, நடத்தும் வேலை ஆர்னெசன் பக்கம் வந்தது.

ஒரே அடியில் சாவு

ஆர்னெசன் வீட்டு நிலவறையில் ஒரு மேசை, அதன்மேல் பிளாஸ்டிக்கில் ஒரு கோட்டை மாதிரி. இதுதான் பிளாக்மூர் கோட்டை. அதற்கு அடியில் இருக்கும் சுரங்கங்களைக் கட்டம் போட்ட தாளில் அவர் வரைந்து வைத்திருந்தார். நண்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக அதற்குள் இறங்கினார்கள். முதன்முதலில் இறங்கியவர்களில் ஒருவரான கிரெக் ஸ்வென்சன், அந்தக் கூட்டத்தில் தான் ஒருவர் மட்டும்தான் உயிரோடு மேலே வந்ததாகப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

சண்டைக்கு ஆர்னெசன் முதலில் எடுத்துக்கொண்டது செயின்மெயில். கேரி கைகேக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதி 1971-இல் வெளிவந்த, இடைக்காலப் படைகளுக்கான விதிநூல். கடைசியில் மந்திரவாதி, டிராகன் எல்லாம் வரும் ஒரு பகுதி ஒட்டியிருந்தது. அதில் சாதாரண ஆளுக்கு அடி விழுந்தால் சாவுதான். மாயப் பிறவிகளோடு மோதும்போது இரண்டு பகடை உருட்டி, வந்த கூட்டுத்தொகையை அட்டவணையில் பார்க்க வேண்டும். ஒரே உருட்டலில் சண்டை முடியும்.

படை விளையாட்டுக்கு இது சரியான விதி. இருநூறு வீரர்களில் ஒரு பொம்மை சாய்ந்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். ஆனால் பிளாக்மூரில் சாய்ந்தது பொம்மை இல்லை. மூன்று வாரமாக நண்பன் பேசிக்கொண்டிருந்த ஆள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சண்டையில் சாக ஆறில் ஒரு வாய்ப்பு என்றால், நாலு சண்டை தாண்டி உயிரோடு இருக்க 48 சதவீதம். பத்துச் சண்டை தாண்ட வெறும் 16 சதவீதம். இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒரு கதையை நகர்த்த முடியாது.

பின்னாளில் ஆர்னெசன் நினைவுகூர்ந்த விதம் எனக்குப் பிடிக்கும். தங்கள் ஆள் ஒரே வீச்சில் ஒரு பிராணியைக் கொன்றால் ஆட்டக்காரர்களுக்கு ஆட்சேபணையே இல்லை. அந்தப் பிராணி ஒரே வீச்சில் தங்களைக் கொன்றால்தான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. முணுமுணுத்தார்கள். அவர் ஏற்கனவே அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கால இரும்புக் கப்பல்களுக்காகச் சில விதிகள் எழுதியிருந்தார். கப்பலுக்குக் கவசம் இவ்வளவு, தாங்கும் அடி இவ்வளவு என்று எண்கள் உண்டு. ஒரு குண்டு பட்டவுடன் கப்பல் மூழ்கிவிடாது. எண் குறைந்துகொண்டே வரும். அதையே மனிதர்களுக்கு மாற்றிப் போட்டதாக அவர் சொன்னார். இன்று உலகம் முழுக்க வீடியோ கேம்களில் திரையின் மூலையில் சிவப்புப் பட்டையாகக் குறையும் ஹிட் பாயின்ட் என்ற உயிர்ப்புள்ளி, ஒரு நிலவறையில் நண்பர்கள் தாங்க மாட்டோம் என்று சொன்னதால் கப்பலிலிருந்து இறங்கி வந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒப்பிடுபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ஆர்னெசனின் குறிப்புகள் 1977-இல் புத்தகமாக வந்தன. அவர் மேசையில் ஒரு பாத்திரம் அனுபவம் பெற்று மேலே போகும்போது உயிர்ப்புள்ளி கூடவில்லை என்றும், அந்த ஆளை அடிப்பதுதான் கடினமாகிக்கொண்டே போனது என்றும் அதில் இருக்கிறது. 1974-இன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸிலோ லெவலுக்கு, அதாவது அனுபவத்தால் ஏறும் படிக்கு, ஏற்ப உயிர்ப்புள்ளி ஏறுகிறது. செயின்மெயிலில் ஹீரோ என்பவன் நாலு ஆளுக்குச் சமம். ஒரே சுற்றில் நாலு அடி விழுந்தால்தான் சாவான். அந்த ஹீரோ 1974 நூலில் நாலாவது லெவல் வீரனுக்குப் பெயராக நிற்கிறான், உயிர்ப்புள்ளிக்கு அவன் உருட்டுவது நாலு பகடை. பழைய விதியின் எலும்பு புதிய விதிக்குள் அப்படியே தெரிகிறது.

இரண்டுக்கும் மேசையில் என்ன வித்தியாசம்? ஆர்னெசன் முறையில் எவ்வளவு பெரிய வீரனும் அடி பட்டுவிட்டால் சாதாரண மனிதன்தான். ஒவ்வொரு சண்டையும் கடைசிவரை பயம். 1974 முறையில் முதல் லெவல் வீரனுக்கு ஆறு முகப் பகடை ஒன்றில் விழும் எண்ணோடு ஒன்று, அதாவது சராசரி நாலரைப் புள்ளி. எந்த ஆயுதமும் ஒரு பகடை அளவு சேதம் செய்யும். முழுக் கவசமும் கேடயமும் போட்டவனைச் சாதாரண எதிரி அடிக்க இருபது முகப் பகடையில் 17 வேண்டும். அடித்து ஒரே வெட்டில் சாய்க்க நூற்றுக்கு எட்டு வாய்ப்பு. கவசமே இல்லாவிட்டால் அது இருபத்து மூன்று. ஆனால் அதே வீரன் நாலாவது லெவலில் சராசரி 14 புள்ளியோடு நிற்பான். எதிரிக்கு ஆறு ஆறாக விழுந்தாலும் மூன்று அடி வேண்டும். பயம் படிப்படியாகக் கரைந்து தன்னம்பிக்கையாக மாறும். நான் இரண்டையும் நடத்திப் பார்த்திருக்கிறேன். நீண்ட கேம்பெய்னுக்கு 1974 முறை வசதி. ஆனால் மறக்க முடியாத இரவுகளை எனக்குத் தந்தது ஆர்னெசன் முறைதான்.

தங்கத்தை என்ன செய்வது

என் பார்வையில் பிளாக்மூரின் உண்மையான பொக்கிஷம் இது. இதைப் பேசுபவர்கள் குறைவு.

1974 நூலில் லெவல் ஏற வேண்டிய அனுபவப்புள்ளி எப்படிக் கிடைக்கிறது? நூலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: ட்ரோல் என்ற பூதம் ஒன்றை வென்று 7,000 பொற்காசு எடுத்தால் காசுக்கு 7,000 புள்ளி, ட்ரோலைக் கொன்றதற்கு 700. அப்புறம் ஆளின் லெவலுக்கு ஏற்ப அதில் கழியும். கொலைக்குக் கிடைப்பது கொள்ளைக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு. அதனால் அந்தக் கால ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்துவிட்டு, பிராணி தூங்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரத் திட்டம் போட்டார்கள். விதி எதற்குக் கூலி கொடுக்கிறதோ அதைத்தான் நண்பர்கள் செய்வார்கள்.

ஆர்னெசன் இன்னும் ஒரு படி போனார். அவர் குறிப்புகளின்படி காசை எடுத்து வந்தால் மட்டும் போதாது. செலவு செய்ய வேண்டும். அதுவும் அந்தப் பாத்திரத்துக்கு எதில் ஆசையோ அதில்: மது, பெண்கள், பாட்டு, செல்வம், புகழ், மதம், பொழுதுபோக்கு. எதில் எவ்வளவு நாட்டம் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். சுரங்கத்திலிருந்து மேலே வந்த வீரன் தன் ஆசைக்காகப் பணத்தைக் கொட்டும்போதுதான் வளர்கிறான்.

யோசித்துப் பாருங்கள். முதல் விதி ஆட்களைச் சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. இரண்டாவது விதி அவர்களைத் திரும்ப ஊருக்குள் கொண்டுவருகிறது. ஊருக்குள் வந்தால் கடைக்காரர் வேண்டும், பூசாரி வேண்டும், கடன்காரர் வேண்டும். கதை தானாக முளைக்கும். ஜிஎம் உட்கார்ந்து பத்துப் பக்கக் கதை எழுத வேண்டியதில்லை. இவன் எதில் பணத்தைக் கரைக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கோட்டை விழுந்தது

பிளாக்மூரில் எல்லோரும் ஒரே அணி இல்லை. டேவ் ஃபேன்ட் ஆடிய பாத்திரம் ஒரு கட்டத்தில் ரத்தக்காட்டேரி ஆனது. சர் ஃபாங் என்று பெயர். அவரை யாராலும் சமாளிக்க முடியவில்லை. மறுபடியும் முணுமுணுப்பு. பதிலாக வந்ததுதான் பூசாரி வகைப் பாத்திரம். மைக் கார் அதை ஆடினார். காட்டேரியை விரட்டும் சக்தி அதற்கு உண்டு. இன்று எந்த நாட்டில் யார் கிளெரிக் என்ற அந்தப் பூசாரியை ஆடினாலும், இறந்து உலாவுபவர்களைத் துரத்தும் அந்தச் சக்தி அவர்களுக்கு இருப்பது, ஒரு நண்பர் மற்ற நண்பர்களுக்கு அளவுக்கு மேல் பலமாகிவிட்டதால்தான்.

அதைவிட எனக்குப் பாடமாக இருந்த நிகழ்வு வேறு. சுரங்கம் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்பதால் கோட்டையைக் காக்க வேண்டியவர்கள் எந்நேரமும் கீழேயே இருந்தார்கள். எதிரிப் படை வந்தது. மற்ற நண்பர்கள் ஆடிய எதிர்த்தரப்பு அது. கோட்டை போய்விட்டது. 1972-இல் அந்த வீரர்கள் தண்டனையாக லாக் க்ளூமன் என்ற தொலைதூர ஏரிப் பகுதிக்கு நாடு கடத்தப்பட்டார்கள். ஆர்னெசன் நிகழ்ந்ததைத் திருத்தவில்லை, ஆட்டத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பவில்லை. தோல்வியையே அடுத்த வருடத்தின் கதையாக ஆக்கினார். நண்பர்களும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. புதிய இடத்தில் மறுபடி உட்கார்ந்தார்கள்.

லேக் ஜெனீவா

1972 இறுதியில் ஆர்னெசனும் டேவிட் மெகரியும் காரில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சிற்றூருக்குப் போனார்கள். கைகேக்ஸின் வீடு அங்கே. அன்றிரவு பிளாக்மூரின் சுரங்கத்துக்குள் கைகேக்ஸையும் அவர் மகன் எர்னியையும் ராப், டெர்ரி குன்ட்ஸ் சகோதரர்களையும் ஆர்னெசன் அழைத்துப் போனார். ஆடி முடித்த கைகேக்ஸுக்கு விதிகள் வேண்டும் என்று தோன்றியது. ஆர்னெசனிடமிருந்து வந்தவை ஏறக்குறைய இருபது பக்கக் குறிப்புகள். மீதி எல்லாம் ஆர்னெசன் தலைக்குள் இருந்தது.

இங்கே குறை சொன்னவர் ஆட்டக்காரர் இல்லை, இன்னொரு ஜிஎம். நீங்கள் இல்லாமல் இதை நான் எப்படி நடத்துவது? இதற்குக் கைகேக்ஸ் கொடுத்த பதில் முதலில் ஐம்பது பக்கமாகவும் பிறகு அதைவிட நீண்டதாகவும் வளர்ந்த கையெழுத்துப் பிரதி. பதிப்பிக்க ஆள் கிடைக்காமல் 1973 அக்டோபரில் டான் கே என்ற நண்பரோடு சேர்ந்து டிஎஸ்ஆர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆயிரம் பெட்டிகள், விலை பத்து டாலர், ஒரு வருடத்துக்குள் விற்றுத் தீர்ந்தன.

அந்த நூலின் அட்டையில் ரோல்-ப்ளேயிங் என்ற சொல்லே கிடையாது. காகிதம், பென்சில், உருவப் பொம்மைகளோடு ஆடும் கற்பனை இடைக்காலப் போர்த் தொடர்களுக்கான விதிகள் என்றுதான் இருக்கும். ஒரு கேம்பெய்னில் நாலிலிருந்து ஐம்பது பேர் வரை ஆடலாம், ஒரு நடுவருக்கு இருபது பேர் என்றும் எழுதியிருந்தது. பிளாக்மூர் மாதிரி ஒரு பெரிய கூட்டத்தை மனத்தில் வைத்து எழுதிய நூல் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. இன்று நாலு பேர் உட்காரும் மேசையில் அந்த விதிகள் சில இடங்களில் தொளதொளவென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆர்னெசனுக்கும் டிஎஸ்ஆருக்கும் பின்னால் வழக்கு வந்தது, 1981-இல் சமரசம் ஆனது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்று இன்னும் விவாதிக்கிறார்கள். ஒருவர் நடத்தத் தெரிந்தவர், மற்றவர் எழுதத் தெரிந்தவர்; இருவரும் இல்லாமல் அந்தப் பெட்டி இல்லை என்பது என் எண்ணம்.

மற்ற மேசைகளின் பதில்

பெட்டி வெளியே போனதும் ஒவ்வோர் ஊரிலும் புதுப் புதுக் குறை எழுந்தது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கென் செயின்ட் ஆந்த்ரே அந்த நூலைப் படித்தார். யோசனை பிடித்தது, விதிகள் குழப்பமாக இருந்தன, விசித்திரமான பல முகப் பகடைகளும் கையில் இல்லை. வீட்டில் இருக்கும் ஆறு முகப் பகடையை மட்டும் வைத்து டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் எழுதி 1975-இல் நூறு பிரதி அச்சடித்தார். அதில் சண்டை என்றால் இரண்டு பக்கமும் எல்லாப் பகடையையும் ஒன்றாக உருட்டிக் கூட்டிப் பார்ப்பது. தொகை குறைந்த பக்கம் வித்தியாசத்தை அடியாக வாங்கிக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகளோடு ஆட உட்கார்ந்தால் இன்றும் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

1978-இல் ரூன்குவெஸ்ட் வந்தபோது அதற்குப் பின்னால் இருந்தவர்களில் நிஜக் கவசம் போட்டு, கட்டையால் அடித்துச் சண்டை பழகியவர்கள் இருந்தார்கள். கவசம் போட்டால் அடி படுவதே குறையும் என்ற விதி அவர்களுக்கு ஒட்டவில்லை. அடி படும், கவசம் அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும் என்று மாற்றினார்கள். லெவல் போய்விட்டது, எந்தத் திறமையைப் பயன்படுத்துகிறாயோ அது வளரும், சதவீதக் கணக்கில். அதே அடித்தளத்தில் 1981-இல் சாண்டி பீட்டர்சன் கால் ஆஃப் கதுல்ஹு எழுதினார். அதில் உயிரைவிட முன்னால் குறைவது மனநிலையின் எண்.

2010-இல் வின்சென்ட் பேக்கரும் மெக்வே பேக்கரும் கொண்டுவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் வேறொரு குறைக்குப் பதில் சொல்வதாக நான் வாசிக்கிறேன்: தவறிவிட்டது, அடுத்தவர் உருட்டட்டும் என்று எதுவும் நடக்காமல் போகும் முறை. இரண்டு பகடை உருட்டு. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை நடக்கும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஜிஎம் கதையை உனக்கு எதிராக நகர்த்துவார். கூடுதல் எதுவும் இல்லாத ஆளுக்கு இந்த மூன்றும் 17, 42, 42 சதவீதம். ஒன்று கூடுதல் இருந்தால் 28, 44, 28. எந்த உருட்டலும் வீண் போகாது. ஜிஎம்முக்கு மட்டும் களைப்பு அதிகம்: ஒவ்வொரு உருட்டலுக்கும் புதிதாக எதையாவது யோசிக்க வேண்டும்.

எங்கள் சனிக்கிழமை

எங்கள் மேசையில் என்னோடு சேர்த்து ஐந்து பேர். முதலில் 1974 விதிகளோடுதான் தொடங்கினோம். முதல் இரவு, ஒன்பதரை மணி. தோழி ஒருத்தி ஒரு மந்திரவாதியை அரை மணி நேரம் யோசித்து உருவாக்கியிருந்தாள். அம்மா நெசவுக்காரி, அம்மாவின் ஊசி ஒன்று எப்போதும் மடியில் இருக்கும் என்று தாளின் ஓரத்தில் எழுதியிருந்தாள். உயிர்ப்புள்ளி இரண்டு. முதல் கதவு, கதவுக்குப் பின்னால் பதுங்கியிருந்தவனின் ஈட்டி, என் பகடையில் 14. சேதம் ஐந்து.

யாரும் பேசவில்லை. அவள் பென்சிலைத் தாள்மேல் படுக்க வைத்துவிட்டு, "அவ இன்னும் யார்கிட்டயும் ஒரு வார்த்தைகூடப் பேசலையே" என்றாள். எனக்கு ஆர்னெசனின் நிலவறை ஞாபகம் வந்தது. அதே முணுமுணுப்பு, ஐம்பது வருடம் கழித்து.

அடுத்த வாரம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்புக்கு மாறினோம். அதில் புள்ளி பூஜ்யத்துக்குப் போனால் உடனே சாவு கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் இருபது முகப் பகடை உருட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு பிழைப்பு, கீழே வந்தால் ஒரு சறுக்கல். எது முதலில் மூன்றாகிறதோ அது. யாரும் உதவாவிட்டாலும் தப்பிக்கக் கிட்டத்தட்ட 60 சதவீத வாய்ப்பு. பழைய முணுமுணுப்புக்கு நாற்பது வருடம் கழித்து வந்த இன்னொரு பதில் என்று சொல்லலாம். எட்டு வாரம் ஓடியது. யாரும் சாகவில்லை. ஆனால் எங்கள் கவனம் எல்லாம் சண்டையிலேயே நின்றுவிட்டது. ஒரு சண்டைக்கு ஒன்றரை மணி நேரம் போனது. ஊருக்குள் யாரும் யாரோடும் பேசவில்லை. அபோகலிப்ஸ் வேர்ல்டின் இரண்டு பகடை முறைக்கு ஒரு மாதம் போய்ப் பார்த்தோம். பேச்சு வந்தது; நான் களைத்துப்போனேன்.

அப்போதுதான் நாலு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன்: உனக்கு எந்த இடத்தில் அலுக்கிறது? மூன்று பேர் சொன்ன பதில் ஒன்றுதான். எடுத்து வந்த காசை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. எண்ணை எழுதுகிறோம், எண் கூடுகிறது, அவ்வளவுதான்.

அதனால் சிஸ்டத்தை மறுபடி மாற்றாமல் 2014 விதிகளுக்கே திரும்பிப் போய் ஒன்றை மட்டும் மாற்றினேன். சண்டைக்கு அனுபவப்புள்ளி கிடையாது. ஆசைப்பட்ட காரியத்தில் செலவழித்த காசுக்குத்தான் புள்ளி. ஆளுக்கு ஓர் ஆசையைத் தாளில் எழுதச் சொன்னேன். அதே தோழியின் புதிய பாத்திரம் ஒரு திருடி. அவள் எழுதியது: ஆற்றங்கரையில் பரிசல்துறை.

சிரித்தார்கள். மூன்றாவது வாரம் அவள் 300 பொற்காசில் இரண்டு பரிசல் வாங்கினாள். துறைக்கு யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேள்வி வந்தது. ஊர்த் தலைவர் என்று ஒருவரை அந்த இடத்திலேயே நான் உருவாக்க வேண்டியிருந்தது. கோயிலுக்குப் போகிறவர்களிடம் கூலி வாங்கலாமா என்று மேசையில் இரண்டு கட்சியானது. பூசாரி ஆடும் நண்பர் கூடாது என்றார். "அப்ப என் பரிசல் ஓட்டைய யாரு அடைக்கிறது, உங்க சாமியா?" என்று அவள் கேட்டாள். அரை மணி நேரம் பகடையைத் தொடவே இல்லை. எனக்கு அந்த அரை மணி நேரம் ஒரு திருவிழா மாதிரி இருந்தது.

இப்போது பதினான்காவது வாரம். எதிர்க்கரையில் ஒரு கொள்ளைக் கூட்டம் இறங்கியிருக்கிறது. பரிசலைக் கொளுத்தப் போகிறது என்று ஊரில் பேச்சு. நாலு பேரும் சுரங்கத்தின் மூன்றாவது தளத்தில் இருக்கிறார்கள், மேலே வர இரண்டு நாள் ஆகும். இங்கேயே இன்னும் ஒரு அறை பார்த்துவிடலாம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிளாக்மூர் கோட்டையின் கதையை நான் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.